மெஷின் அக்காவின் பெயரில் வந்த மூச்சுத்திணறல்

டயாலிசிஸ் வார்டில் பதினேழு வருஷமாக மெஷின் பார்க்கிறவள் அவள். பதினெட்டு மெஷினுக்கும் அவள்தான் வைத்தியம். நோயாளிகளுக்கு அவள் மெஷின் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். யாருக்கு உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறினால் மூச்சு வாங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கோபக்காரி என்று ஊழியர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வார்டில் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கோபம் வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

போன வருஷம் நிர்வாகிக்கு ஒரு யோசனை உதித்தது. ஊழியர்கள் எல்லாரும் இனி ஆபீஸ் ஆப்பில்தான் பேச வேண்டும், அதுதான் ஒழுங்காம். சரி ஐயா, நோயாளிகள் எங்கே போவார்கள்? அவர்கள் பழையபடி தங்கள் போனில் இருந்த சாதாரண ஆப்பில், அவர்களுடைய குரூப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்று ஒரு போனை ஒதுக்கினார்கள். அது நர்ஸ் மேஜை டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. ஒருநாள் அவள் எடுத்துச் சார்ஜ் போட்டால் அறுபத்து நாலு செய்தி! அதில் ஒன்று, வாராவாரம் டயாலிசிஸுக்கு வரும் தையல்காரர் மூன்று நாள் முன்பு எழுதியது: 'மூச்சு முட்டுது. படுக்க முடியல. ஏதாவது பண்ணுங்க.' மனிதர் அந்த மூன்று ராத்திரியும் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் பிரிவில் போய்க் கேட்டாள். "புகார் பதிவு பண்ணுங்க, பார்க்கிறோம்" என்றார்கள். பதிவு செய்தாள். நாற்பது நாள் ஆகியும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. போங்கடா நீங்களும் உங்கள் பதிவும் என்று அவளே உட்கார்ந்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் ஓரங்கட்டியிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினாள். வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு ஆப்புக்கும் நடுவே ஒரு பாலம் போட்டாள். நோயாளிகள் குரூப்பில் விழுகிற செய்தி அப்படியே ஊழியர் குரூப்பிலும் விழும். இங்கே எழுதுகிற பதில் அங்கே போகும்.

"மனுஷங்களை மெஷினோட சேர்த்து வெச்சது போதாதுன்னு இப்ப ஆப்பைச் சேர்த்து வைக்கிறியா?" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

"ஆப்பு சேர்ந்துரும். மனுஷங்கதான் சேர மாட்டேங்கறாங்க" என்றாள்.

சோதிக்கிற அன்றுதான் கோட்டை விட்டாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுடைய போன்களையே வைத்துச் சோதித்ததால், எங்கே பார்த்தாலும் அவள் பெயரே வந்தது. எல்லாம் சரி என்று எழுந்துவிட்டாள். பாலம் அவளுடைய கணக்கில் ஓடுகிறது, எந்த நோயாளி எழுதினாலும் ஊழியர்களுக்கு அவள் பெயரில்தான் தெரியும் என்பது மண்டையில் உறைக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அவள் வெங்காயம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் ஆம்புலன்ஸ்! வீட்டுக்காரர் துண்டோடு நின்று, "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லைங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தாள். அவள் பெயரில்: 'மறுபடி மூச்சு முட்டுது. படுக்க முடியல.' கீழே ஒரே நிமிஷத்தில் டூட்டி டாக்டர்: 'அசையாதீங்க, வண்டி வருது.' தலைமை நர்ஸ்: 'அக்கா, பயப்படாதீங்க.' மொத்தம் பதினோரு பதில். நோயாளிகள் குரூப்பைத் திறந்து பார்த்தாள். எழுதியது தையல்காரர். அடுத்த நொடி வண்டியை அவர் வீட்டுக்குத் திருப்பிவிட்டாள். ஆள் பிழைத்தார்.

மறுநாள் நிர்வாகி அறையில் பஞ்சாயத்து.

"உங்களுக்குன்னு நினைச்சுப் பதறிட்டோம் அக்கா" என்றார் டூட்டி டாக்டர்.

"அவருக்குன்னு தெரிஞ்சிருந்தா?"

டாக்டர் போனைத் தடவினார். அவள் விடவில்லை. "முன்னாடியும் இதே வார்த்தைதானே சார் எழுதினாரு? அன்னைக்கு மூணு நாள். இன்னைக்கு ஒரு நிமிஷம். என்ன சார் அநியாயம் இது?"

நிர்வாகி தொண்டையைக் கனைத்தார். "அனுமதி இல்லாம பண்ணது முதல் தப்பு. வண்டி வேற வீட்டுக்குப் போனது ரெண்டாவது தப்பு. அனுப்பினவங்க பேர் வரணும். இல்லைன்னா பாலத்தை மூடிருங்க. உங்க வேலையைப் பத்தியும் நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

பெயர் வர வேண்டும் என்பது நியாயம்தான்; அதை அவள் மறுக்கவில்லை. அன்றைக்கே சரிசெய்தாள். இனி ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் எழுதியவர் பெயர் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. நோயாளிகளில் ஒருவரான லாண்டரிக்கார அம்மாவின் பெயர் போட்டு ஒரு செய்தி: 'நெஞ்சு படபடன்னு அடிக்குது. காலைத் தூக்க முடியல.' அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் அப்படித்தான் ஆகும். இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். வண்டி அனுப்புகிற அதிகாரம் டூட்டி டாக்டருக்குத்தான். அழைத்தாள். எடுக்கவில்லை. வார்டுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. குரூப்பில் யாரோ ஒரு நர்ஸுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஓடியது. அதற்கு அந்த டாக்டர் அப்போதுதான் சிரிப்புப் பொம்மை போட்டார். ஆறு பேர் லாண்டரிக்கார அம்மாவின் செய்தியைப் பார்த்ததாகக் காட்டியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்கு நிமிஷம். பாவிகளா, கண் பொட்டையா உங்களுக்கு!

அந்தச் செய்தியைப் பிரதி எடுத்தாள். முன்னால் இருந்த பெயரை அழித்தாள். தன் பெயரில் அனுப்பினாள்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அக்கா! எங்க இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

லாண்டரிக்கார அம்மாவின் வீட்டு முகவரியை அவள் ஒரு எழுத்து விடாமல் அடித்தாள்.