ஏலக்காய்ப் பத்திக்குப் போன பதினெட்டு நிமிடம்

ஐந்தாம் வகுப்பு முடியும்போது உறைவிடப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வு எழுதினேன். இடம் கிடைத்தால் தங்குவதும் படிப்பதும் இலவசம். தேனிப் பக்கத்துக் கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, கேரள எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் அம்மா, என்னை யார் வீட்டில் விடுவது என்று தினமும் யோசிக்க வேண்டியிருக்காது.

பாலிடெக்னிக்கில் படித்த அண்ணன் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். உரைப்பத்திகள் ஐந்து, நேரம் ஐம்பது நிமிடம், பத்திக்குப் பத்து. முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியைப் படி, சந்தேகமானதை விட்டுவிட்டு மேலே போ, மிச்ச நேரத்தில் திரும்பி வா.

“நின்னு யோசிச்சீன்னா ஜீப்பு போயிரும்டி,” என்றான்.

தேனியில் தேர்வு. வெளியே தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பத்திகளை அட்டவணைப்படியே முடித்தேன். மூன்றாவது பத்தி ஏலக்காயைப் பற்றியது. தெரியாத ஊர்க் கல்யாணத்தில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. அதில் மலை வந்தது, பனி வந்தது, செடியின் தூரில் தரையோடு கிடக்கும் காய்ச்சரங்கள் வந்தன. படிக்கப் படிக்க மேசையே ஈரமாகிவிட்டதுபோல் தோன்றியது. அம்மா குத்தவைத்து, முற்றிய காய்களை மட்டும் எடுத்து, பிஞ்சுகளை விட்டுவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தாள். நானும் அவள் பின்னாலேயே போனேன்.

கேள்வி: ஏலக்காய் ஆண்டுக்கு எத்தனை முறை பறிக்கப்படுகிறது?

பத்தியில் ஒருமுறை என்று இருந்தது. அம்மா போவதோ ஆறு சுற்று. பறித்த செடிக்கே திரும்பி வர நாற்பது, நாற்பத்தைந்து நாள் என்று நானே எண்ணியிருக்கிறேன். ‘ஒருமுறை’க்கு நேரே இருந்த வட்டத்தைக் கருப்பாக்கினால், மற்ற ஐந்து சுற்றும் அம்மா எங்கே போனாள்? விட்டுவிட்டு மேலே போக வேண்டும் என்பது நினைவிருந்தது. அந்த மலையிலிருந்து இறங்கத்தான் முடியவில்லை. கடைசியில் ‘ஐந்துக்கு மேல்’ என்பதைக் கருப்பாக்கினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் போயிருந்தது. நான்காம் பத்தியை முடிக்கும்போதே மணி அடித்துவிட்டது. ஐந்தாவது எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது.

“பத்தியில உள்ளதத்தான கேட்டாக? உன்னயவா கேட்டாக?” என்றான் அண்ணன்.

“பத்தி தப்புண்ணே.”

“இருக்கட்டும். நீ திருத்தவா போன?”

அம்மா கையில் ஒட்டிய காய்க்கறையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒருக்கன்னே போட்டுட்டு வந்திருக்கலாம்ல ஆத்தா,” என்றாள். “நான் எத்தன சுத்துப் போறேன்னு அங்கன யாரு கேக்கப் போறாக?”

தேர்வானவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை. அம்மா திட்டவில்லை. எனக்குத்தான் அவள்மேல் கோபம். அவளுக்காக அத்தனை நேரம் போராடியிருக்கிறேன், அவளோ ஐந்து சுற்றையும் இல்லை என்று எழுதிவிட்டு வரச் சொல்கிறாள். மறுநாள் அவள் சோறு கட்டிக்கொண்டு கிளம்பியபோது தூங்குவதுபோல் படுத்திருந்தேன். அம்மா என் கட்சியில் இல்லை என்றே அப்போது நினைத்தேன்.