பெயர் வராத மரபணு

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் திசுப் பொருத்தம் பார்க்கிறோம். ஒருவரின் எலும்பு மஜ்ஜையை இன்னொருவர் உடல் ஏற்குமா என்பதை, நோய் எதிர்ப்பு மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்வோம். இதுவரை உலகில் கண்டறிந்த வடிவங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கணினி அந்தப் பெயரைப் பக்கத்தில் போட்டுவிடும்.

அன்று காலை ஒரு வரியில் பெயர் வரவில்லை.

நகரியில் பவர்லூம் ஓட்டும் ஓர் இளைஞரின் ரத்தம் அது. அவருடைய மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. பெற்றோரும் ஒரே அக்காவும் காலமாகிவிட்டார்கள். மஜ்ஜை தர யாராவது கிடைத்தால்தான் பிழைப்பார்.

எனக்கு வரிசை போடாமல் யோசிக்க வராது. ஒன்று, வேறு ரத்தம் கலந்திருக்கலாம். இரண்டு, கருவி தப்பாகப் படித்திருக்கலாம். மூன்று, இது யாருமே பார்க்காத புது வடிவமாக இருக்கலாம். முதல் இரண்டையும் விலக்க, புதிதாக ரத்தம் எடுத்துப் படித்தேன். அதே இடத்தில் அதே ஓர் எழுத்து மாறியிருந்தது.

வடக்கிலிருந்து வந்த எங்கள் டாக்டர், ரத்த உறவில் இன்னொருவரிடமும் அது இருந்தால் நம்புவதாகச் சொன்னார். உறவுக்கு எங்கே போவது?

வெளியே அந்த இளைஞர் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"இவருக்குச் சொந்தம்னு வேற யாருமே இல்லையாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் இல்லையா மேடம்? என் ரத்தத்தப் பாருங்கன்னு சொல்லிக்கினே இருக்கேன். பெண்டாட்டிது சேராதுன்னு டாக்டர் அனுப்பிட்டாரு."

"பெண்டாட்டி ரத்த சொந்தம் ஆகாதே."

"நல்லா சொன்னீங்க. எங்கம்மாவோட கூடப் பொறந்த தம்பி இவரு. தாய்மாமனத்தான் கட்டிக்கினேன்."

"தப்பிக்க வழியில்லாம மாட்டிக்கினேன் மேடம்" என்றார் அவர்.

புத்தூர்க்காரியான எனக்கு இது ஊர் வழக்கம்தான். டாக்டரின் ஊரில் இல்லை. மனைவி என்று கேட்டதுமே அவர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். அவளிடம் அங்கேயே ரத்தம் எடுத்தேன்.

முடிவு வந்ததும் திரையில் நேராக அந்த எழுத்து இருந்த இடத்துக்குப் போனேன். அதே எழுத்து. உட்கார்ந்து பார்க்க முடியாமல் எழுந்து நின்றுகொண்டே மற்ற மரபணுக்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி இருவருக்கும் ஒன்றாக இருந்தது. புது வடிவம் உண்மை. அதோடு அவளால் மஜ்ஜையும் தர முடியும். இப்போதெல்லாம் பாதிப் பொருத்தம் இருந்தாலே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு, புது வடிவத்துக்குப் பெயர் கேட்டு அனுப்பும் வேலையை நாளை செய்யலாம், முதலில் அவர்களிடம் போய்ச் சொல் என்றார்.

வெளியே போய், அவள் மஜ்ஜையே அவருக்குச் சேரும் என்று சொன்னேன்.

"போச்சு, இத ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா மேடம்" என்றார் அவர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மொதல்ல ஆயுசோட இரு மாமா. அப்புறம் சொல்லிக் காட்டறேன்."