அறுத்த கழுத்துப்பட்டை

தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் பக்கத்துக் குடிசைக்காரர் ஊருக்குப் போகும்போது தன் நாயை என்னிடம் விட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்து வந்து திருப்பிக் கேட்டார். சோறு போட்டவன் நான்; கொடுக்க மனம் வரவில்லை. ஒரு கிழட்டு நாய்க்கு இவ்வளவு தவிப்பா? சுரங்கத்தில் திருடிய தங்கத்தை அதன் கழுத்துப்பட்டைக்குள் தைத்து வைத்திருப்பார் என்று பட்டது. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டுப் பட்டையை அறுத்தேன். உள்ளே அழுக்கும் முடியும்தான்.

மறுநாள் அவர் அறுந்த தோல்பட்டையைப் பார்த்தார்.

"ஷிப்டு முடிஞ்சி மேல வந்தா காவக்காரனுங்க நம்ம வாயத் தொறந்து தங்கம் தேடுறானுங்க. நீங்களுமா?"

நாய் அவர் பின்னாலேயே போய்விட்டது. பட்டையை அவர் கேட்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கத்தை வேறு எங்கே ஒளித்திருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.