வெள்ளிக்கிழமை இல்லாத எம்.டெக்.

மூன்று வருடங்களுக்கு முன், ஹைதராபாத்தில் கெமிக்கல், மெட்டீரியல்ஸ் இரண்டும் சேர்ந்த எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். ஹப்சிகுடாவில் அறை. படிப்பின் அமைப்பு எளிதானது. மொத்தம் நான்கு செமஸ்டர். முதல் இரண்டில் கட்டாயப் பாடங்கள், லேப், அப்புறம் நாமே பொறுக்கிக்கொள்ளும் ஆறு விருப்பப் பாடங்கள். கடைசி இரண்டில் புராஜெக்ட். இவ்வளவுதானே என்று நினைத்தேன், அதில் வந்தது வினை.

சேர்ந்த வாரமே டைம் டேபிளைக் கரைத்துக் குடித்து, வெள்ளிக்கிழமை வகுப்பே வராதபடி ஆறு பாடங்களைத் தேர்ந்தெடுத்தேன். நோக்கம் உன்னதமானது: மதியம் வரை தூங்குவது. அத்தோடு நிற்காமல் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, நிபுணர் மாதிரி விளக்கம் வேறு. நம்பியது ஒரே ஒருவர். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்த, என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா. அவருடைய மூன்று வயது மகள் வேலூரில் அப்பாவோடு இருந்தாள். வியாழன் மாலை ரயிலேறினால் வெள்ளி காலை காட்பாடி. எனக்குத் தூக்கம், அவருக்கு ஊர்.

மூன்றாவது செமஸ்டர் தொடக்கத்தில் துறை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த கிளார்க் மேடம் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆறு விருப்பப் பாடங்களில் குறைந்தது இரண்டு மெட்டீரியல்ஸ் பக்கம் இருக்க வேண்டுமாம். எனக்கும் அக்காவுக்கும் ஒன்றுதான் இருந்தது.

"ரூல் புக் குடுத்தோம்ல? கைக்கு தம்பி படிக்கல?" ஹைதராபாத் இந்தியில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.

அதன் மேல்தான் தினமும் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. அந்த செமஸ்டரில் மிச்சமிருந்த ஒரே மெட்டீரியல்ஸ் பாடம் உலோக அரிப்பு. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு. அதை விட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கேன்டீனில் அக்காவிடம் சொன்னேன். திட்டினால் சமாளிக்க இரண்டு ஜோக் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

"நீயே சொல்லிடுப்பா. எனக்கு வராது."

திரையில் வாயோரம் தயிர் சாதத்தோடு ஒரு முகம். இனி அம்மா சனிக்கிழமைதான் வருவாங்க, மறுநாளே கிளம்பிடுவாங்க, இங்கே ஒரு பாடம் பாக்கி இருக்கு என்றேன். விருப்பப் பாட விதியைக்கூட விளக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்க படிங்க மாமா. அம்மா வரட்டும்."

இரண்டு ஜோக்கும் கைவசம் இருந்தும் பயன்படவில்லை.

அந்த செமஸ்டரின் எல்லா வெள்ளிக்கிழமையும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அரிப்பு படித்தேன். இருவரும் தேறினோம். இன்றும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் வாய் துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் விளையாட்டாகப் போட்டுக்கொடுக்கும் கணக்கை நம்பி, எங்கோ ஒருவர் தன் பிள்ளையிடம் வருகிற நாளைச் சொல்லிவைத்திருக்கக்கூடும் என்ற நினைப்பு வந்து அந்த வாயைக் கொஞ்சம் மூடிவிடுகிறது.