எட்டாவது மேடையைப் பார்க்காமல் நடந்தது

பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நாலைந்து வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கியின் வாய் இலக்குப் பலகைப் பக்கமே இருக்கட்டும். சுடும் நேரம் வரும்வரை விசையில் விரல் வேண்டாம். விசில் கேட்டால் ரைபிளைக் கீழே வைத்து எழுந்து பின்னால் வாருங்கள். சொல்லிச் சொல்லி என் குரலே எனக்கு அலுத்துவிட்டது.

திருவனந்தபுரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு ரைபிள் கிளப்பில் நான் பாதுகாப்புப் பொறுப்பாளன். மற்ற நாட்களில் அரசு அலுவலகக் குமாஸ்தா.

இரண்டு வருஷம் முன்பு கிளப்பில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார், கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். எழுபது வயதிருக்கும். முதல் நாளே வாயில் சுருட்டோடு சுடும் கோட்டில் வந்து நின்றார்.

"சார், அதை வெளியே வச்சிட்டு வாங்க" என்றேன்.

"பத்த வைக்கலையே ஓய்."

"பத்த வைக்காட்டியும் தப்புதான். தோட்டாவத் தொட்ட கையில ஈயம் இருக்கும். சுருட்டு வழியா வாய்க்குள்ள போவும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "அது செரிதான்" என்று சொல்லி, சுருட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சுட்டு முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கேட்டுக்கு வெளியே பலாமரத்தடிக்குப் போய்த்தான் பற்ற வைப்பார். எனக்கும் ஒன்று தருவார். புகையை உள்ளே இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் என் மனைவி டெங்குவில் படுத்தாள். ஆறு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். ஏழாம் நாள் ஞாயிறு. வர முடியாது என்று ஒரு போன் செய்திருக்கலாம். செய்யாமல் கிளப்புக்குப் போய்விட்டேன்.

முதல் சுற்று முடிந்து விசில் ஊதினேன். படுத்துச் சுடுகிற எட்டு மேடையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ரைபிள்கள் காலியாக இருப்பதை உறுதி செய்த பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். ஆறு மேடை பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு இலக்குப் பலகைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

"ஸ்டாப்" என்று பின்னாலிருந்து இஞ்சினியரின் சத்தம்.

திரும்பினேன். எட்டாவது மேடையில் ஒரு வங்கி அதிகாரி குப்புறப் படுத்திருந்தார். காதுக்கவசத்துக்குள் பஞ்சும் வைத்திருந்ததால் விசில் அவருக்குக் கேட்கவில்லை. ரைபிளில் தோட்டா ஏறியிருந்தது. ஏழாவது மேடையிலிருந்த இஞ்சினியர் எழுந்துபோய் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். நான் கோட்டைத் தாண்டிப் பத்தடி போயிருந்தேன்.

வங்கி அதிகாரி எழுந்து வந்தார். "சாரே, ஞான் கேட்டில்ல" என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கோட்டுக்குத் திரும்பி வந்து அந்த ரைபிளிலிருந்து தோட்டாவை எடுத்தேன்.

கிளப் செயலாளரிடம் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். தோட்டா ஏறிய துப்பாக்கி இருக்கும்போது கோட்டைத் தாண்டினால் ஒரு மாதம் விலக்கு. அந்த விதிப்படி மூன்று பேரை நானே விலக்கியிருக்கிறேன்.

"ஒண்ணும் நடக்கலையே, விடுங்கோ" என்றார் செயலாளர்.

"வேற ஒருத்தர்னா எழுதியிருப்பேன் சார்."

என் பெயரை எழுதினேன். சாட்சியாக இஞ்சினியர் கையெழுத்துப் போட்டார்.

பலாமரத்தடியில் அவர் எனக்கும் ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார், "எத்தன நாளாச்சு ஓய் நீரு ஒறங்கி?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மனைவியின் காய்ச்சலைச் சொன்னேன். இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு புகை விட்டார்.

"கப்பல்ல ஒறக்கமில்லாதவன இஞ்சின் ரூம்ல எறக்க மாட்டோம். உம்ம மேல அந்தக் கவனம் இங்க யாருக்கும் இல்ல. உமக்கும் இல்ல" என்றார்.

அந்த மாதம் ஞாயிறுகளில் வீட்டில் இருந்தேன். மனைவி தேறி வந்தாள். விலக்கு முடிந்து கிளப்புக்குப் போனதும், எல்லா ஞாயிறும் என்னால் ஆகாது, இன்னொரு ஆள் வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இப்போது ஒன்றுவிட்டு ஒரு வாரம்தான் போகிறேன். அலுப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. போகாத ஞாயிறுகளில் பத்து மணி வரை தூங்குகிறேன். மனைவி எழுப்புவதில்லை.