நாலு சென்டிமீட்டர்

ஊரில் பாதிக் கிழடுகட்டைகள் மென்று சாப்பிடுவது அவர் புண்ணியத்தில்தான். இருந்தும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பல்செட்டுக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறைதான் அவருடைய பட்டறை. முன்னறையில் வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. உள்ளறையில் மெழுகு, பிளாஸ்டர், சிறு கத்திகள், ஊசிமுனையளவு துளைபோடும் டிரில். ஜன்னலோரம் பாலிஷ் மெஷின் முன்னால் அவருடைய அக்கா உட்கார்ந்து, தம்பி வார்த்துக் கொடுக்கும் செட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். வேலை நேரத்தில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவாள். இடது முழங்காலுக்குக் கீழே அவளுக்குக் கால் கிடையாது.

அது போனது போர்க்காலத்தில், பதினோரு வயதில். நகரசபை அச்சடித்த போர் நினைவு மலரில் அதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: 'சாலையின் குறுக்கே ஓடிய சிறுமி ஒருத்தி காயமடைந்தாள்.' ஓடிய சிறுமியாம்! அவள் எங்கே ஓடினாள்? வீட்டு வாசலில், கடைத்தெருவின் தண்ணீர்க் குழாயடியில், வரிசையின் கடைசி ஆளாக, கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். நம் படையின் டேங்க் ஒன்று காலையிலிருந்தே தெருவில் உறுமிக்கொண்டு நின்றதால் அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. எதிரே லாரி ஒன்று வர, அதற்கு வழிவிட டேங்க்கைப் பின்னால் எடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குப் பின்பக்கம் தெரியாது. பின்னால் நின்று கைகாட்ட வேண்டிய சிப்பாய் எங்கேயோ சிகரெட் பிடிக்கப் போயிருந்தான். அவ்வளவுதான் கதை.

இதை மாடி ஜன்னலிலிருந்து முழுசாகப் பார்த்தவர் தம்பி. அப்போது அவருக்கு ஆறு வயது. பார்த்ததைச் சொல்லப்போனபோது, "வாயை மூடுடா, அவங்க காதுல விழுந்துடப் போகுது" என்று அம்மா அவர் வாயைப் பொத்தினாள். பயத்தில் மூடச்சொன்ன அம்மாவே, வருடங்கள் போகப்போக ஊர் சொன்னதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். சாகும்வரைக்கும் மகளைப் பார்த்து, "நீ ஏன்டி குறுக்கே ஓடின?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கால் போனதைக்கூட அக்கா ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டாள். இந்தக் கேள்வியை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

தம்பிக்கு மாடல் செய்கிற பழக்கம் இருபது வருடமாக உண்டு. கப்பல் செய்திருக்கிறார், ரயில் நிலையம் செய்திருக்கிறார், டேங்க் மட்டும் செய்ததில்லை. நகரசபை போர் நினைவுக் கூடம் கட்டி, பழைய கடைத்தெருவை டேங்க்கோடும் ஆட்களோடும் ஒரு டயோரமாவாக, மேஜைமேல் வைக்கும் குட்டித் தெருவாக, செய்து தர முடியுமா என்று கேட்டபோது, இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வாயால் சொல்லத்தான் யாரும் விடவில்லை, கையால் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தார். எட்டு மாத வேலை.

அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. டேங்க் பெட்டியில் வந்தது, அறுநூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகளாக. கூடவே ஐந்து சிப்பாய்களும் வந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எந்தக் கடைப் பெட்டியிலும் வருவதில்லை. போர் என்றால் அதில் சிப்பாய் மட்டும்தான் இருப்பான் என்று பெட்டி போடுகிற புத்திசாலிகளுக்கு நினைப்பு! குழாயடி வரிசையின் ஐந்து பேரையும் பல் மெழுகில் அவரே செதுக்கினார். அச்செடுத்து, செட்டுக்கு ஊற்றும் அதே அக்ரிலிக்கில் வார்த்தார். பெயின்ட் அடிக்கும்வரை ஐந்து பேரும் ஈறு நிறத்தில் மேஜைமேல் நின்றார்கள்.

"என்னடா இது, தண்ணி பிடிக்க வந்தவங்களா, யாரு வாய்க்குள்ளருந்தாவது வந்தவங்களா?" என்றாள் அக்கா.

பெயின்ட் அடித்த பிறகும் விடவில்லை. "என் கவுன் பச்சை இல்லடா, நீலம்."

"மாடியிலருந்து பச்சையாத்தான் தெரிஞ்சுது."

"போட்டிருந்தது நீயா, நானா?"

நீலமாக்கினார். தெருவுக்குப் பிளாஸ்டரில் சலித்த மண்ணைக் கலந்து கொட்டி, ஈரம் காய்வதற்குள் டேங்க்கின் சங்கிலிப் பட்டையை அழுத்தித் தடம் பதித்தார். அந்தத் தடத்தை டேங்க்குக்குப் பின்னால் பதிக்கவில்லை, முன்னால் பதித்தார்.

கூடத்துக்குப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற மேஜர். போர் முடிந்த மறுவருடம் படையில் சேர்ந்தவர். போரைப் பற்றி அவர் அளவுக்குப் பேசுகிறவர் ஊரில் கிடையாது. டயோரமாவைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்ததும் பூதக்கண்ணாடியோடு வந்து, டேங்க்கின் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணிப் பார்க்காத குறையாகக் குனிந்து பார்த்தார்.

"பிரமாதம். ஒரே ஒரு தப்புதான். டேங்க் வந்த தடம் பின்னாலதானே இருக்கணும்? நீங்க முன்னால போட்டிருக்கீங்க."

"தப்பில்ல சார். அது ரிவர்ஸ்ல வருது."

மேஜர் மறுபடி குனிந்தார். தடத்தைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார், அதன் பின்சங்கிலிக்கு நேரே முதுகைக் காட்டி நிற்கும் நீலக் கவுனைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்தப் பொண்ணு..."

"எங்க அக்கா."

"ரெக்கார்டுல வேற மாதிரியில்ல இருக்கு?"

"ரெக்கார்டு எழுதினவரு மாடியிலயா இருந்தாரு? நான் இருந்தேன்."

மேஜர் குரலைத் தேனில் தோய்த்து எடுத்தார். "எடுத்துடுங்கன்னு சொல்லலியே. சுவரோரமா ஒரு நாலு சென்டிமீட்டர் தள்ளி வைங்க. திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க. நாலே நாலு சென்டிமீட்டர், யாரு கவனிக்கப்போறா?"

அங்கேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பல்செட்டுக்காரர் கேட்கவில்லை. "பார்க்கிறேன் சார்" என்றார். வெளியே வந்து, தன்னையே திட்டிக்கொண்டு பட்டறைவரை நடந்தார். ஆறு வயதில் வாயைப் பொத்த அம்மா வேண்டியிருந்தது, ஐம்பத்திரண்டு வயதில் தானே பொத்திக்கொள்ளப் பழகிவிட்டோமே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா முழுக்கக் கேட்டாள். மெஷினை நிறுத்தினாள். "நாலு சென்டிமீட்டர்னா நெஜத்துல எவ்வளவுடா?"

முப்பத்தைந்தால் பெருக்கினார். "நூத்தி நாப்பது. ஒண்ணரை மீட்டர்கூட இல்ல."

"டேப்பை எடு."

தரையில் அளந்து காட்டினார். அவள் நாற்காலியிலிருந்து கைகழுவும் தொட்டிவரைகூட வரவில்லை. அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு எட்டு," என்றாள். "அன்னிக்கு எவனாவது ஒருத்தன் என் கையைப் பிடிச்சு இந்த ரெண்டு எட்டு இழுத்துவிட்டிருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும். அப்ப ஒருத்தனும் வரல. இப்ப வந்து பொம்மையை நகர்த்தறானுங்களா? என்ன திமிர்டா இது!"

மறுநாள் காலை தம்பி அழைக்கவே வேண்டியிருக்கவில்லை. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். கூடத்தில் மேஜர் நாற்காலிகளை வரிசையாகப் போட வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"என்னை நாலு சென்டிமீட்டர் நகர்த்தச் சொன்னீங்களாம்."

"அது வந்தும்மா... எல்லார் மனசும் புண்படாம..."

"யாரு மனசு? டேங்க்கு மனசா? நகர்த்தித்தான் ஆகணும்னா டேங்க்கை நகர்த்துங்க."

"டேங்க்கை எப்படிம்மா நகர்த்தறது? அது அந்த இடத்துலதானே நின்னுது!"

"நானும் அந்த இடத்துலதான் நின்னேன்."

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள். மேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கமிட்டி என்றார், மேலிடம் என்றார், கடைசியில் மாடல் இந்தக் கூடத்துக்குக் கொஞ்சம் பெரிசு என்றார். எட்டு மாதம் முன்னால் அளவு கொடுத்ததே அவர்தான். பல்செட்டுக்காரர் இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. "வெட்கமா இல்லையா சார் உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பிறகு அக்கா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக மாடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். திறப்பு விழா குறித்த நாளில் ஜாம்ஜாம் என்று நடந்தது. அவர்கள் தெரு இருக்க வேண்டிய மேஜையில், பெட்டியைப் பிரித்து ஒட்டிய ஒரு வெறும் டேங்க் நின்றது, தடமில்லாமல், ஆளில்லாமல், ஒருவரையும் எதுவும் செய்யாத டேங்க்காக.

டயோரமா பட்டறையின் முன்னறைக்கு வந்தது. பெஞ்சுக்கு எதிரே வைத்தார்கள். செட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், "பொம்மை நல்லா இருக்கே" என்பார்கள், தங்கள் வாயின் கவலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் தையல்காரம்மா வந்தார். எண்பதை நெருங்குகிறவர், அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்து, பிறகு மகளோடு வேறு பக்கம் போனவர். மேலும் கீழும் ஒரு பல் பாக்கியில்லை. அச்செடுத்துக்கொண்டு, வாயைத் துடைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தவர், எதிரே இருந்த தெருவைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். வரிசையை விரலால் எண்ணினார்.

"இதுல கடைசிக்கு முன்னால நிக்கிறது நான்தானே?" என்றார்.

உள்ளே மெஷின் நின்றது.

"எனக்குப் பின்னால நீதான். ஆமா, இப்படித்தான் வாளியோட நின்னே. சாமான் லாரிக்கு வழி விடறேன்னு ரிவர்ஸ்ல வந்தான் பாவி. நீ எங்கேம்மா ஓடினே? ஓடவே இல்லையே!"

இதைக் கேட்கத்தான் அக்கா நாற்பத்தாறு வருடம் காத்திருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று தம்பி நினைத்தார். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து வாசற்படிவரை வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு வீடு தள்ளித்தானே இருந்தீங்க? எங்கம்மா சாகறவரைக்கும் ஏன் ஓடினே, ஏன் ஓடினேன்னு என்னைத் தின்னாங்களே. ஒரு தடவை வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னை யாரும் கேக்கலையேம்மா," என்றார் தையல்காரம்மா.

"இப்ப நான் கேக்கறேன்." அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "என் காலை எடுடா. மூணு பேரும் கூடத்துக்குப் போறோம். அந்த மேஜர்கிட்ட வந்து சொல்லட்டும் இவங்க."

"இந்த வாயோடயா?" தையல்காரம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாரத்துல செட்டு வந்துடும்னு உன் தம்பி சொல்றாரே. பல்லு வந்ததும் வர்றேன்மா, அப்பத்தானே பேச்சு தெளிவா இருக்கும்."

அக்கா செயற்கைக் காலின் வார்ப்பட்டையை இழுத்து மாட்டினாள்.

"பல்லு இருந்தப்ப நீங்க சொன்ன லட்சணம்தான் பார்த்தாச்சே. இருக்கிற வாயால வந்து சொல்லுங்க, கிளம்புங்க."