பூக்க விட்ட வெங்காயம்

அழுகிய வெங்காய நாற்றம் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடி முழுக்க வீசுகிறது. அதைக் காசு கொடுத்து வரவழைத்தவன் நான்தான் என்று அக்கம்பக்கத்தில் இன்னும் சொல்லவில்லை. ஊதாப் பந்துபோல் பூக்கிற, சமையலுக்கு உதவாத சீமை வெங்காயம். பனி பெய்யும் தேசத்துக் கிழங்கைத் தஞ்சாவூர்ச் சித்திரையில் தொட்டியில் நட்ட அறிவாளி நான்.

இத்தனைக்கும் வெங்காயப் பூ எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்பது சின்ன வயதிலேயே தெரியும். பூதலூர்ப் பக்கத்தில், மிராசுதார் வீட்டுக்குப் பின்னாலிருந்த "கொல்லை"யை, விளைச்சலில் பங்கு கொடுத்து "வாரத்துக்கு"ச் செய்துவந்தார் அப்பா. சம்பா அறுத்து வயல் வெடித்துக் கிடக்கும் நாளில், குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அங்கே வளர்க்கும் சின்ன வெங்காயம்தான் எங்கள் கோடைக் கஞ்சி. பயிர் செய்கிறவன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையையும் மாற்றிக்கொண்டு, "உழுபவனுக்கே நிலம்" என்று மேடையில் முழங்கிய மிராசுதார், இறங்கி நேரே கொல்லைக்கு வந்தார். அங்கங்கே தண்டு நீட்டிப் பூத்திருந்ததைப் பார்த்து, "என்னா அழகுடா! கிள்ளாத, எல்லாம் பூக்கட்டும். எங்க வீட்டம்மா சன்னல்லேருந்து பாக்கணும்னு ஆசப்படுறாங்க," என்றார்.

"பூ விட்டா அடியில காய் பெருக்காதே," என்று இழுத்த அம்மாவை அப்பா அடக்கினார்: "அவங்களே வாயத் தொறந்து கேக்குறாங்க. முடியாதுன்னா நல்லாவா இருக்கும்?" சட்டம் பதிவேட்டைத்தான் மாற்றும், முதுகெலும்பை அல்ல.

பங்குனியில் கொல்லை முழுக்க வெள்ளைப் பந்துகள். பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கூட்டிவந்து "எங்க தோட்டம்" என்று பீற்றிக்கொண்டேன். பிறகு குத்தகைப் பதிவுக்காகத் தாசில்தார் வந்தார்.

"இங்க யாரு சாகுபடி?"

"நான்தானுங்க. வெங்காயம்," என்றார் அப்பா.

மிராசுதார் சிரித்தார். "எந்தக் குடியானவன் வெங்காயத்தப் பூக்க விடுவான்? இது நம்ம வீட்டுப் பூந்தோட்டம். இவன் தண்ணி ஊத்துற ஆளு."

அப்பா பதறிப்போய் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். சத்தெல்லாம் பூவுக்குப் போய்விட, அடியில் வெறும் சக்கை. தாசில்தார் அதைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், ஜீப்பில் ஏறினார். அப்பா பெயர் பதிவில் ஏறவில்லை. அடுத்த கோடைக்குள் கொல்லைக்கு வேலி ஏறியது.

இன்று அங்கே கல்யாண மண்டபம். வாசல் வளைவில் பிளாஸ்டிக் பூக்கள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டாம். "வாரம்" என்றால் என் பிள்ளைகளுக்கு ஏழு நாள்.

அழுகாமல் தப்பிய ஒரே கிழங்கு போன வாரம் பூத்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். அப்பா ஞாபகம் வந்து அழப்போகிறாள் என்று கைக்குட்டையோடு தயாராக நின்றேன்.

"இந்த மாடி யாருதுடா?" என்றாள்.

"வீட்டுக்காரரோடதும்மா."

"அப்ப நீயும் தண்ணி ஊத்துற ஆளுதான்."